முகம் வரையும் ஆசையும் அதற்காகக் கட்டிய பணமும்

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். கொழும்பில் கிராபிக் டிசைன் டிப்ளோமா, முடித்த கையோடு வேலை, கட்டணம் தவணை முறையில். கீழே, "அக்கா, படம் வரையிறதே தொழிலா இருக்கணும்னு ஆசையா இருக்கு. இதுல சேரட்டுமா? அம்மா தோட்டை அடகு வைக்கிறேன்னு சொல்றாங்க" என்று எழுதியிருந்தாள். குரல் பதிவாகப் பதில் சொல்லத் தொடங்கினேன், முடிகிற பாடாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த ஆசை வந்தபோது கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. டீச்சர் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும், கொழும்பில் கடை வேலைக்கு யாரைப் பிடிக்க வேண்டும், வெளிநாட்டுக்குப் போக எந்த ஏஜென்சி என்று சொல்ல எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காம்பராவுக்கு ஒருவர் இருந்தார்கள். வரைந்து பிழைப்பது எப்படி என்று சொல்ல யாரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் என் பணமும் ஏறக்குறைய இரண்டு வருடமும் போயின.

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. ஓ.எல் (சாதாரண தரப்) பரீட்சைக்கு அழகியல் பாடம் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்று புத்தகத்தில் இருக்கும், எங்களுக்கு வாய்த்தது நடனம் மட்டும்தான், ஏனென்றால் நடன மிஸ் ஒருவர் இருந்தார். ஏ.எல் (உயர்தரக்) கலைப்பிரிவில் தமிழ், இந்து நாகரிகம், புவியியல். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி எனக்குப் போதவில்லை. வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது அடுத்த ஆசிரிய உதவியாளர் நியமனத்தை. எங்கள் மாமா மகள் அப்படித்தான் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்குப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, அது 10,000 ஆகி, பிறகு பயிற்சி முடித்து நிரந்தரமானாள். அந்தப் பாதையில் கஷ்டம் உண்டு, ஆனால் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நியமனம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று டவுனில் ஒரு ஸ்டூடியோவோடு சேர்ந்த அச்சுக் கடையில் 2018இல் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் கடையில் எல்லா வேலையும் வரும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பிறந்தநாள் பேனர். அதிகம் வருவது மரண அறிவித்தலும் 31ஆம் நாள் நினைவஞ்சலியும்தான். அங்கேதான் போட்டோஷாப், கோரல் டிரா இரண்டையும் கற்றுக்கொண்டேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யவும் கை பழகியது. ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் பட்டது. தோட்டத்தில் இறந்துபோகும் வயசாளிகள் பலருக்கு அடையாள அட்டை, அதாவது ஐசியில் இருக்கும் படத்தைத் தவிர வேறு படமே கிடையாது. கல்யாணத்தில் எடுத்த படம் இருக்கும், அதில் கூட்டத்தின் ஓரத்தில் பாதி முகம் தெரியும். லேமினேட் பண்ணிய பழைய ஐசியிலிருந்து அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து மூன்றடி பேனருக்குப் பெரிதாக்கினால் முகமே மிஞ்சாது, புள்ளிதான் மிஞ்சும். பிறகு யாருடையதோ சேலை, யாருடையதோ நகை ஒட்டி அனுப்புவோம். அதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம்.

ஒரு நாள் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒருவர் அவருடைய அம்மாவின் ஐசியோடு வந்தார். வேலை முடித்துத் திரையில் காட்டியதும், "இது எங்கம்மா மாதிரியே இல்ல தங்கச்சி. போட்டோ புடிக்கிறவன் அசையாதேன்னு அதட்டியிருக்கான், பயந்து போயி உக்காந்திருக்கு. எங்கம்மா எப்பவும் சிரிச்ச மொகம்" என்றார். கொம்பியூட்டரில் உதட்டை இழுத்துப் பார்த்தேன், விகாரமாக இருந்தது. அப்புறம் ஏதோ தோன்றி, பில் புத்தகத்துக்குக் கீழே இருந்த வெள்ளைத் தாளை எடுத்து, "சொல்லுங்கண்ணே, சிரிச்சா கன்னம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குவார், மூக்குத்தி எந்தப் பக்கம், முன்பல் எப்படி, கொங்காணித் துணி போட்ட தலைமுடி எங்கே பிரியும் என்று அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். அழித்தேன், திருத்தினேன். "நெத்தி இன்னும் கொஞ்சம் மேடு" என்றார், மேடாக்கினேன். கடைசியில் அவர் ஒன்றும் பேசாமல் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதை ஸ்கேன் செய்துதான் பேனரில் போட்டோம். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும் இல்லை, பயமும்தான். இதைச் செய்யத்தான் எனக்கு விருப்பம் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. இந்த வேலைக்குப் பெயர் என்ன, எங்கே படிப்பது, யார் சம்பளம் தருவார் என்று எதுவும் தெரியவில்லை.

இதைப் படிக்கிற தங்கச்சி தம்பிமார் தங்கள் ஆசை நிஜமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாராவது பாராட்டும்போது வரும் சந்தோஷத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, அது எல்லோருக்கும் வரும். "இது சரியில்லை, மாத்திப் போடுங்க" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கல்யாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயரை நாலு தடவை மாற்றச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு பாட்டியின் தாடையை அதே அளவு மாற்றச் சொன்னால் இன்னும் ஒரு தடவை கேட்க மாட்டாரா என்றிருக்கும். இன்னொன்று, சம்பளம் வராத நேரத்தில் உங்கள் கை எதைத் தேடிப் போகிறது என்பது. ஒரு வருடத்துக்கு மேல் பஸ்ஸில், கடைப் பின்கட்டில், லைட் இருக்கிற இரவில் வீட்டு வாசலில் முகங்களை வரைந்துகொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பென்சிலும் ஒரு மொனிட்டர் கொப்பியும்தான், வேலையை விடத் தேவையில்லை. எந்தக் கோர்சுக்கும் முன்னால் இதற்குக் குறைந்தது சில மாதங்களாவது கொடுங்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "படம் போடுறது நல்லதுதான் புள்ள. ஆனா எங்களுக்கு வேல இல்லாத நாளு பேரு இல்ல. கவுருமெண்டு சம்பளம் அப்படி நிக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய வாழ்நாள் முழுக்கச் சம்பளம் என்பது நாள் நாளாகப் போடும் பேர், அதாவது வேலைக்கு வந்த நாளின் பதிவுதான். கிலோ குறைந்தால் அரைப்பேர், போகாவிட்டால் அதுவும் இல்லை. அப்படி வாழ்ந்தவருக்கு மகள் இன்னொரு நிச்சயமில்லாத வேலைக்குப் போகிறாள் என்றால் எப்படி இருக்கும்? மலையகத்தில் எழுத்தும் கலையும் இல்லாமல் இல்லை. மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையிலிருந்து தெளிவத்தை ஜோசப் வரை பெரிய வரிசையே இருக்கிறது. மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டத்தில் ஒப்பனைக்கும் தப்பு மேளத்துக்கும் பாட்டுக்கும் ஆள் பஞ்சமே கிடையாது. ஆனால் அவர்களெல்லாம் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். கலையாலேயே அடுப்பு எரிந்த வீடு எதையும் அப்பா பார்த்ததில்லை. பெற்றோர் மறுத்தால் அவர்களுக்குக் கலை தெரியாது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அவர்கள் கேட்பது மாதச் செலவுக்கான கணக்கை. எனக்கு அப்போது காட்ட அந்தக் கணக்கு இல்லை, கணக்குப் போடச் சொல்லித்தந்தவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான், 2021 கடைசியில், கொழும்பில் இருந்த ஒரு நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. சர்வதேச டிப்ளோமா, தமிழ் மொழிமூலம், வேலை உத்தரவாதம். போன் எடுத்துப் பேசினேன். பேசியவர் மிகவும் அன்பாக, "உங்களைப் போன்ற மலையகப் பிள்ளைகள் முன்னுக்கு வரணும்" என்றார். கட்டணம் 1,80,000 ரூபாய். முதலில் 60,000, மீதி மாதா மாதம். அந்த வருடம் மார்ச்சில்தான் தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. அப்படியென்றால் முழுக் கட்டணமும் அம்மாவுக்கு 180 முழுப்பேர். முதல் தவணைக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, மீதிக்கு என் சேமிப்பு. கடை வேலையை விட்டேன், கொட்டாஞ்சேனையில் ஒரு போடிங்கில் மாதம் 9,000 ரூபாய்க்குக் கட்டில் எடுத்தேன்.

வகுப்பு நடந்தது மாடியில் ஒரு சின்ன அறையில். ஒரு கொம்பியூட்டருக்கு மூன்று பேர். தமிழ் மொழிமூலம் என்றது பொய். சொல்லித்தந்தவர் சிங்களத்திலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் பேசினார், பின்வரிசையில் இருந்த நாங்கள் எங்களுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டோம். சொல்லித்தந்ததெல்லாம் எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்பது, அது கடையிலேயே எனக்குத் தெரியும். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது, எலும்பு எங்கே இருக்கிறது, ஒரு பக்கத்தில் எழுத்தும் படமும் எப்படிச் சேர வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் அட்வான்ஸ் லெவல், அடுத்த கோர்ஸ்" என்றார்கள். அந்த அடுத்த கோர்சுக்கு இன்னொரு கட்டணம். பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வகுப்பு நின்றது, தவணை கேட்டு வரும் மெசேஜ் நிற்கவில்லை. பஸ் இல்லை, டீசல் வரிசை. சாப்பாட்டுப் பார்சல் விலை ஒவ்வொரு கிழமையும் ஏறியது. கடைசியில் ஒரு நாள் பளபளப்பான தாளில் சான்றிதழைக் கையில் தந்து முடிந்தது என்றார்கள். பாடத்திட்டத்தில் பாதிகூடத் தொடவில்லை. கொஞ்ச நாளில் அந்த போன் இலக்கமும் வேலை செய்யவில்லை.

அந்தச் சான்றிதழோடு கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது ரெஜிஸ்டர் பண்ணின இடமா? என்விக்யூ இருக்கா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். விசாரித்துப் பார்த்தால் நான் படித்த இடம் எந்தப் பதிவிலும் இல்லை. கட்டணம், போடிங், சாப்பாடு, விட்டுவிட்ட சம்பளம், அடகு வட்டி எல்லாம் சேர்த்தால் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கி லயத்துக்கு நடந்தபோது, கொழும்புக்குப் போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்று சனம் பேசுவது காதில் விழுந்தது. அம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பல மாதம் பென்சிலைத் தொடவில்லை. வரைய வேண்டும் என்ற ஆசையையே வெறுத்தேன், அந்த ஆசை இல்லாவிட்டால் சங்கிலி வீட்டில் இருந்திருக்கும் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏமாற்றியது ஆசை அல்ல, அதைத் தெரிந்துகொண்டு அதற்கு விலை போட்டவர்கள்.

சரி, யாராவது எனக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன். இலங்கையில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அந்த ஆணைக்குழு. நிறுவனத்தின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், அதை ஆணைக்குழுவில் கேட்டுச் சரிபாருங்கள். நிறுவனம் பதிந்திருந்தாலும் நீங்கள் சேரப்போகிற அந்தக் குறிப்பிட்ட கோர்சுக்கு என்விக்யூ, அதாவது தேசிய தொழிற்தகைமை உண்டா, எத்தனையாம் மட்டம் என்று தனியாகக் கேளுங்கள். மொத்தம் 7 மட்டம் இருக்கிறது. சர்வதேசம் என்று போட்டிருந்தால் எந்த நாட்டின் எந்த நிறுவனம் சான்றிதழ் தருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் ஒரு ஆளின் சொந்தக் கணக்குக்கு வைக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். முடித்தவர்கள் இரண்டு பேரின் போன் இலக்கம் கேளுங்கள், நல்ல இடம் தயங்காது. வகுப்பு எந்த மொழியில் என்பதை விளம்பரத்தில் பார்த்து நம்பாமல் ஒரு நாள் போய் உட்கார்ந்து காதால் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் போன்ற அரச இடங்களில் கட்டணம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ கோர்ஸ்கள் இருக்கின்றன. அங்கேயும் மொழிச் சிக்கல் உண்டு, சில மையங்களில் சிங்களத்தில் மட்டும்தான். அதனால் முதல் கேள்வி தமிழில் இருக்கிறதா என்பதாக இருக்கட்டும், இல்லையென்றால் எந்த மையத்தில் இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, எனக்கு அது காலம் கடந்துதான் தெரிய வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் மருதனார்மடத்தில் இருக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்திலும், மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் ஓவியம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஏ.எல் பெறுபேறு மட்டும் போதாது, அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும், அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தல் தோட்டத்துக்கு வந்து சேராது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலை வாங்கி, உளச்சார்புப் பரீட்சை உள்ள பாடநெறிகளின் பக்கத்தை மடித்து வையுங்கள். எந்தப் பாடங்களோடு ஏ.எல் செய்தால் தகுதி என்பதும் அதில் இருக்கிறது, அதனால் ஏ.எல் பாடம் தெரிவு செய்யும் முன்பே பார்ப்பது நல்லது. பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர் இல்லாவிட்டால் பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாரா என்று அதிபரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்து பழைய கடைக்கே போனேன். கடை முதலாளி அண்ணா திரும்ப எடுத்துக்கொண்டார். பேனர் விலை அப்போது ஏறியிருந்தது, பலருக்கு பிளெக்ஸ் அடிக்கவே கட்டுப்படியாகவில்லை. சிலர் தாளில் வரைந்து பிரேம் போட்டுத் தரச் சொன்னார்கள். முதல் படத்துக்குக் கை நடுங்கியது. வரைந்து முடித்தபோது என் கைக்கு எதுவும் மறக்கவில்லை என்று தெரிந்தது. 2023இல் சீட்டுப் பணம் விழுந்ததும் பாவித்த லேப்டாப் ஒன்று 65,000 ரூபாய்க்கு வாங்கினேன். கிரிட்டா, இன்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள் இரண்டும் இலவசம், அவற்றிலேயே பெரும்பாலான வேலையைச் செய்யலாம். களவாக ஏற்றிய மென்பொருள் தேவையே இல்லை. கற்றது பெரும்பாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடைக்கும் பாடங்களைப் பார்த்துத்தான், ஆனால் ஒரு ஒழுங்கோடு. ஒரு மாதம் மூக்கு மட்டும், ஒரு மாதம் கை மட்டும். கொழுந்து எடுக்கிற கையை வரைய அம்மா உட்கார்ந்து தந்தார். எழுத்து வேலையும் செய்கிறவர்கள் பாமினியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அடுத்தவர் கொம்பியூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும். யூனிகோடில் பழகுங்கள், வெளியூர் வேலை எல்லாம் அதில்தான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் சனங்களிடமிருந்தும் படம் கேட்டு வரத் தொடங்கியது. அதில் ஒருவர் குடும்பத்தில் இறந்தவர்கள் எல்லோரையும் வரைந்து தரச் சொல்லி, முழுத் தரத்தில் கோப்புகளை அனுப்பிய பிறகு பதிலே போடவில்லை. அந்தக் கிழமைகளில் இரவில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன், இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. அதற்குப் பிறகு பாதிப் பணம் முதலில், அது வந்தால்தான் பென்சிலை எடுப்பேன். முடிந்ததும் சின்ன அளவில், குறைந்த தரத்தில், குறுக்கே பெயர் போட்டு அனுப்புவேன். மீதி வந்த பிறகு முழுக் கோப்பு. எத்தனை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பி, "சரி" என்று அவர்கள் எழுதிய பிறகுதான் ஆரம்பம். பணம் வாங்குவதிலும் ஒரு தடங்கல் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் முதலில் கேட்பது பேபால், நான் தொடங்கியபோது இலங்கையிலிருந்து அதில் பணம் அனுப்ப முடிந்தது, வாங்க முடியவில்லை. வங்கிக் கணக்குக்கு நேரடியாகவோ பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை மூலமாகவோ வாங்கலாம். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வேலை முடித்த பிறகு சொன்னால் அதையே சாக்காக வைத்து இழுத்தடிக்கிறவர்கள் உண்டு.

அடுத்து வந்தது என் வாழ்க்கையிலேயே அதிகம் ரசித்த வேலை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் செய்யும் ஒரு அமைப்பு படம் கேட்டது. நான் படித்த புத்தகங்களில் வீடு என்றால் தென்னை மரமும் வயலும் இருக்கும். இதில் லயம் இருந்தது, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தது, தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கிற அம்மா இருந்தார், காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் விழும் பனி இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டி வரைந்தேன். "இது நம்ம பீலி" என்று ஒருவன் தண்ணீர்க் குழாயைத் தொட்டுச் சொன்னான். அந்தப் படங்களுக்குப் பேசிய பணத்தைத் தந்தார்கள். ஆனால் பிறகு மறுபதிப்பு வந்தது, எனக்குத் தெரியாமல், என் பெயரும் இல்லாமல். சொந்த ஊரில் யாரோ காட்டித்தான் தெரிந்தது. இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படத்தை நீங்கள் வரைந்த அந்தக் கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும் அது நிற்கும். பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. நான் கடிதம் எழுதினேன், பெயரைச் சேர்த்தார்கள். மறுபதிப்புக்குப் பணம் தரவில்லை, ஏனென்றால் எத்தனை பதிப்பு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இப்போது ஒப்புக்கொள்ளும் முன்பே எத்தனை பிரதி, எத்தனை பதிப்பு, எந்த மொழி, இணையத்தில் போடலாமா என்று கேட்டு எழுதி வாங்குகிறேன். சம்பளத்துக்கு இருந்து வேலை நேரத்தில் வரைந்தாலோ, ஒருவர் கேட்டு அவருக்காக வரைந்தாலோ நிலைமை வேறு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் பொருளாதார உரிமை, அதாவது பிரதி எடுத்து விற்கும் உரிமை, முதலாளிக்கோ கேட்டவருக்கோதான். அதனால் கடை நேரத்தில் கடைப் படம், என் நேரத்தில் என் படம் என்று அண்ணாவிடம் பேசிப் பிரித்துக்கொண்டேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்தபோது, வீட்டோடு படங்களையும் இழந்தவர்கள் தேடி வந்தார்கள். ஐசி கூட இல்லை, சொல்வதற்கு மனிதர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களிடம் பணம் வாங்கவில்லை, தாள் காசும் கேட்கவில்லை. அண்ணா பிரேம் தந்தார். சில குடும்பத்தில் அக்கா ஒன்று சொல்வார், தம்பி வேறொன்று சொல்வார், இருவரும் அழுதுகொண்டே மூக்கின் நீளத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். அந்த மாதங்களில் வருமானம் குறைந்தது. அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் கடைச் சம்பளம் ஒரு பக்கம் இருந்ததுதான். முழுநேரமாகப் படத்தில் மட்டும் இருந்திருந்தால் வாசலில் நின்றவர்களிடம் விலை சொல்ல வேண்டி வந்திருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசையின் பின்னால் போ என்று சொல்கிறவர்களோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மூன்று நாள் கடை, மீதி நாள் என் வேலை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, இப்போதைக்கு மாற்றும் எண்ணமும் இல்லை.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன், அப்பா கேட்டதும் அதைத்தானே. படத்தில் வருவதும் கடையில் வருவதும் சேர்ந்து நல்ல மாதத்தில் ஒரு டீச்சர் சம்பளத்தை நெருங்கும், மோசமான மாதத்தில் பாதிதான். ஒரு கொப்பியில் எழுதி மாதக் கடைசியில் அப்பாவிடம் காட்டுகிறேன், மோசமான மாதத்தையும் காட்டுகிறேன். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் புதிய கருவி எதையும் வாங்குவதில்லை. அம்மா ஓய்வெடுக்கும்போது கிடைக்கும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைத் தொழிலுக்குத் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன், அது அவருடைய வயசுக் காலத்துக்கு. சங்கிலியை 2024இல் மீட்டோம். நியமன அறிவித்தல் வந்தால் விண்ணப்பம் போடு என்று அப்பா இன்னும் சொல்கிறார், முன்பு போல அடிக்கடி இல்லை. பெரிய தாளில் வரைந்ததை ஸ்கேன் செய்ய இப்போது நுவரெலியா வரை போக வேண்டியிருக்கிறது, பஸ் காசும் அரை நாளும் போகிறது. அதனால் ஏ3 ஸ்கேனர் ஒன்றுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அது வந்தால் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணா சொல்லியிருக்கிறார், கரண்ட் பில்லில் என் பங்கு எவ்வளவு என்பதைத்தான் இன்னும் பேசவில்லை.